உன் இரத்தத்தைப் பற்றி நான் மறைத்தது

தர்ஷினி,

அன்று அந்த விசாரணை அறையில், "டொக்டர்கிட்ட எடுத்த லெட்டர் ஏதாவது இருக்கா அம்மா?" என்று தலைவர் கேட்டபோது, என் கைப்பையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில், நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளை எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை, இவளுடைய இரத்தம் பிறந்ததிலிருந்தே இப்படித்தான், இவள் அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார் என்று சொல்லவில்லை. "இல்ல சேர்" என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். பள்ளிக்கூட மேற்சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தாய். ஒரு நிமிடம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று உனக்கும் நான் சொல்லியிருந்ததால் அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இருக்கவில்லை. அம்மா பாவம், இவர்கள் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற இரக்கம்தான் இருந்தது. அதை நான் இன்னும் தாங்கிக்கொள்ளப் பழகவில்லை.

நாலு வருடமாகிவிட்டது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இதை நேரில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை, கூறைச்சேலை எடுத்துக்கொண்டு ஹாலிஎலயில் பஸ்ஸுக்கு நின்றபோது வாயைத் திறந்தேன். "என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று நீயே கேட்டாய். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன். அப்போது தூறிக்கொண்டிருந்தது. நீ சிரித்தாய். அதோடு அந்தச் சந்தர்ப்பமும் போயிற்று. எழுதுவது கோழைத்தனம் என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். ஆனால் எழுத்தில் ஒரு நன்மை இருக்கிறது. நீ கோபப்படும்போது நான் எதிரில் உட்கார்ந்து அழுது உன் கோபத்தைக் கெடுக்க முடியாது. முழுதாகக் கோபப்படு.

முதலில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவரிடமிருந்துதான் வருகிறது. உனக்கு ஒன்பது வயதில் அவர் போய்விட்டார். உனக்கு நினைவிருப்பது அவருடைய சிவந்த முகமும் பெரிய உள்ளங்கைகளும்தான் என்று ஒருமுறை சொன்னாய். அந்தச் சிவப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வெலிமடையில் ஒரு மரக்கறி முதலாளியிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் போட்டால் லொறிக்கும் கடைக்கும் நடுவில் மற்றவர்கள் இரண்டு நடை போவதற்குள் அவர் மூன்று நடை போய் வருவார். ரோட்டிலிருந்து நம்ம லயத்து வீட்டுக்கு ஏறும் படியில் அரிசி மூட்டையோடு நிற்காமல் ஏறி வந்து, வாசலில் நின்று சாதாரணமாகப் பேசுவார். கண்ணும் முகமும் எப்போதும் சிவந்தே இருக்கும். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்னா மச்சான், விடியறதுக்குள்ள ஊத்திட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "ஆமாங்க, ரெண்டு கோப்ப தேத்தண்ணி" என்பார். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை, அந்த வாசனையே பிடிக்காது. அடிக்கடி தலை இடிக்கும். துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். முப்பத்தாறு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை, லொறிக்குப் பக்கத்தில் நின்றபடியே வலது கை செயலற்று விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூளைக்குப் போகிற குழாயில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். சாவு வீட்டில், எனக்குக் கேட்கும்படியாகவே, "குடிதான் கொண்டு போயிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. யாரிடமும் போய் மறுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அதற்குப் பிறகுதான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், அவர்கள் தூங்கும் நேரத்தில் பதுளையிலிருந்து இரவல் எடுத்து வந்த புத்தகங்களைப் படிப்பதும்தான் என் வாழ்க்கை. மாதத்துக்கு ஒருநாள் மிட்வைஃப் மிஸ் வந்து, அங்கேயே மேசை போட்டு, பெண்களுக்கு விரலில் குத்தி இரத்தச் சத்து பார்ப்பார். பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்பார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒன்பது. எட்டு தசம் ஒன்று. ஏழு தசம் ஆறு. பத்துக்கு மேல் ஒருத்தி வந்தால் மிஸ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பார். "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு எத்தன தரம் சொல்றது? ரத்தம் ஊறாது" என்று திட்டுவார். "அப்ப ரொட்டிய எதோட முழுங்குறது மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இரும்பு மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதிப் பேர் அதைச் சாக்கடைக் கானில் போட்டுவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும்.

உனக்குப் பதினாறு வயது. லீவு நாள், பிள்ளைகளுக்குப் பால் கரைக்க எனக்கு உதவியாக வந்திருந்தாய். மிஸ் விளையாட்டாக, "வா, உனக்கும் ஒரு குத்து குத்துறேன்" என்று உன் விரலைப் பிடித்தார். மெஷினில் பதினெட்டு தசம் நாலு என்று வந்தது. வேறு விரலில் குத்தினார். அதே எண். மெஷின்தான் பிழை என்று தனக்கே குத்திப் பார்த்தார், பதினொன்று காட்டியது. "இது ரொம்பக் கூட டீச்சர். பெரியாஸ்பத்திரியில ஒருக்கா காட்டிருங்க" என்றார். அவர் என்ன அர்த்தத்தில் கூட என்று சொன்னார் என்பது எனக்கு ஏறவே இல்லை. வருடக்கணக்காக ஏழும் எட்டும் எழுதிய கை அது. சொந்தப் பிள்ளையின் பேருக்கு எதிரே பதினெட்டு எழுதக் கிடைத்தால் எந்தத் தோட்டத்துத் தாய்க்குத்தான் தலைகால் புரியும்? வகுப்பில் முதலாவதாக வந்த மார்க் மாதிரி அதை நான் சத்தமாகச் சொன்னேன். "எம் மகளுக்குப் பதினெட்டு!" வரிசையில் நின்ற நிரோவின் அம்மா பாக்கியம், "பதினெட்டா? கொஞ்சம் எங்க நிரோவுக்கு ஊத்தி வுடுங்க டீச்சர், புண்ணியமா போகும்" என்றாள். நிரோவுக்கு அன்றைக்கு ஒன்பது. நான் சிரித்தேன். அடுத்த ஒரு வாரம், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒவ்வொருத்தியிடமும் அந்த எண்ணைச் சொன்னேன். பெருமைப்படுவதற்கு நமக்குக் கிடைக்கும் விஷயங்கள் கொஞ்சம், அதனால் கிடைத்ததை உடனே செலவழித்துவிடுகிறோம். உன்னைப் பற்றி வந்த கதையை யார் கிளப்பியது என்று நீ ரொம்ப நாள் யோசித்தாய். நான்தான்.

நிரோவைப் பற்றி நாம் இருவரும் பேசுவதில்லை. இங்கே பேச வேண்டும். அவள் நடக்கப் பழகியது என் காம்பராத் தரையில். நீயும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே மாஸ்டரிடம் ஓட்டம் பழகினீர்கள். பேக்டரி வாசலிலிருந்து கோயில் வளைவு வரை போய்த் திரும்பும் அந்த ஏற்றத்தில் விடியற்காலையில் அவள் தனியாக ஓடுவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் பீலியில் தண்ணீர் பிடித்து, தம்பிக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு வருவாள். நீ அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பாய். கோபப்படாதே, நீ சோம்பேறி. மாஸ்டர் ஆள் அனுப்பினால்தான் எழும்புவாய். சப்பாத்து லேஸைக் கட்டாமலே போய் ஓடி, அவளை விட்டுவிட்டு முன்னால் வருவாய். ஓடி முடித்ததும் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். நீ என்னிடம் வந்து, "அம்மா, பசிக்குது" என்பாய். மாஸ்டர் ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இவளுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்ல டீச்சர், நிரோவுக்குச் சொல்லிக் குடுத்தும் பிரயோசனமில்ல" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதன் பின்பாதி யாரைப் பற்றியது என்று அப்போது யோசிக்கவில்லை.

மாகாணப் போட்டியில் மூவாயிரம் மீற்றரில் முதலாவதாக வருபவளுக்குக் கொழும்பில் விடுதியோடு பயிற்சி என்று, உனக்குப் பதினேழு வயதான அந்த வருடம் அறிவித்திருந்தார்கள். ஊவா மாகாணத்துக்கு ஒரே ஓர் இடம். சாப்பாடு, படிப்பு, பிறகு ஒரு வேலை. லயத்திலிருந்து வெளியே போக உனக்குக் கிடைத்த ஒரு வழி, அவளுக்கும்தான். பதுளை மைதானத்தில் நீ அரைச் சுற்றுக்கும் மேலே முன்னால் முடித்தாய். இரண்டாவதாக வந்த நிரோ கோட்டைத் தாண்டி விழுந்தாள், உதடு வெளுத்துப்போயிருந்தது. பாக்கியம் அவளை மடியில் போட்டுக்கொண்டு உன்னைப் பார்த்தாள். நீ ஐஸ்பழம் தின்றுகொண்டிருந்தாய். பாக்கியம் எழும்பி நேரே அதிகாரிகளின் கூடாரத்துக்குப் போனாள். "அந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்குதான்னு நீங்களே பாருங்க சேர். அது ஓடுன ஓட்டத்துக்கு ஒரு மனுசி நிக்க முடியுமா? எங்க தோட்டத்துல எல்லாத்துக்கும் எட்டு, ஒம்பது. அதுக்கு மட்டும் பதினெட்டாம். அவங்க அம்மாவே சொன்னாங்க. ஊசி போடாம எங்கேருந்து சேர் வரும்?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அப்படி ஓர் எண் தானாக வர முடியாது.

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. மாஸ்டர் கவலைப்படவே இல்லை. "ஒரு டொக்டர் லெட்டர் எடுத்துட்டு வந்துருங்க டீச்சர், அதோட முடிஞ்சிரும்" என்றார். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் எடுக்க நான் தனியாகப் போனேன். வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகப் பேசினார். "பிள்ளை ஒரு களவும் செய்யேல்லை அம்மா. சிலருக்குப் பிறக்கேக்கையே உடம்பு சிவப்பணுவைக் கூடச் செய்யும். மலையேற, ஓட அது நல்லாத் துணை நிக்கும். தேப்பன் இருக்கிறாரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். எப்படி என்றார். சொன்னேன். முகத்தைப் பற்றியும் தலையிடியைப் பற்றியும் கேட்டார், அதையும் சொன்னேன். "எல்லாருக்கும் அப்பிடி வரும் எண்டில்லை. பிள்ளை ஓடலாம். நல்லாத் தண்ணி குடிக்கவேணும், மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் கொண்டுவந்து காட்டவேணும், தேவையெண்டால் கொஞ்சம் இரத்தம் எடுத்துவிடலாம்" என்றார். கடிதத்திலும் அப்படியே எழுதினார். நான் கேட்டேன், "அவங்க அப்பா மாதிரி ஆகாதுன்னு எழுதித் தர முடியுங்களா டொக்டர்?" "அப்பிடி ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேலாது அம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாக இருக்காது. அந்தக் கடிதத்தை நான் விசாரணைக்கு எடுத்துக்கொண்டுதான் போனேன். கொடுக்கத்தான் போனேன் என்று கூடச் சொல்லலாம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வாங்கில் பாக்கியமும் நிரோவும். நிரோ நகத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். தலைவர் நல்ல மனிதர், உன்னைக் காப்பாற்ற வழி தேடினார். "கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க நாள் இல்லம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும். லெட்டர் இருந்தா இப்பவே முடிச்சிரலாம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று இரண்டாம் முறையும் கேட்டார். நான் இரண்டாம் முறையும் இல்லை என்றேன். உன் ஓட்டத்தின் முடிவை நிறுத்தி வைப்பதாகவும், இரண்டாவதாக வந்தவளின் பேரை அனுப்புவதாகவும் எழுதினார்கள். பாக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது நிரோ மட்டும் உன்னிடம் வந்து, "நான் சொல்லல தர்ஷி, சத்தியமா" என்றாள். நீ, "எனக்குத் தெரியும்டி" என்றாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நாலு வருடமாக எனக்குள்ளே விசாரித்துப் பார்க்கிறேன். உன் அப்பா லொறிக்குப் பக்கத்தில் விழுந்தது போல நீ எங்கேயோ ஒரு மைதானத்தில், என் கண்ணுக்குத் தெரியாத ஊரில் விழுவாய் என்ற பயம் இருந்தது. அது உண்மை. கடிதம் மேசைக்கு வந்துவிட்டால் மாலைக்குள் தோட்டம் முழுக்கப் பரம்பரை வியாதி என்று பேர் வந்துவிடும், உனக்கு நாளைக்கு மாப்பிள்ளை யார் தருவார் என்ற வெட்கமும் இருந்தது. பெண் பிள்ளைக்குக் கள்ளி என்ற பேரை விட நோயாளி என்ற பேர் கெட்டது என்று என் புத்திக்குத் தோன்றியது. இவ்வளவு படித்த புத்தி. மூன்றாவதாக, எதிர் வாங்கில் இருந்த அந்த நகம் கடிக்கும் பிள்ளை. மூன்றில் அதுதான் எனக்கு நல்ல பேர் தரும், அதனால் அதை நான் அதிகம் நம்புவதில்லை.

ஆனால் அதைப் பற்றி நிறையப் படித்தேன், நிறைய யோசித்தேன். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக ஓட விடுகிறார்கள், வயதைப் பார்க்கிறார்கள், குத்துச்சண்டையில் நிறையைப் பார்க்கிறார்கள். வலைப்பந்தில் உயரமான பிள்ளை நின்றால் யாரும் விசாரணை வைப்பதில்லை, கைதட்டுகிறார்கள். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, இரத்தம் தெரிவதில்லை, அதனால் அது களவு போலத் தோன்றுகிறது. நீ அதைச் சம்பாதிக்கவில்லை என்பது சரி. அதே போல நீ அதை யாரிடமும் திருடவில்லை. அந்த மாதிரி இரத்தத்தை ஊசியால் ஏற்றிக்கொள்பவன் ஒரு பொய் சொல்லித்தான் ஏற்றுகிறான். நீ எந்தப் பொய்யும் சொல்லவில்லை, உன் சார்பில் பொய் சொன்னவள் நான். இருந்தும் நிரோவின் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குப் பதில் வருவதில்லை. அவள் எத்தனை விடியற்காலை எழும்பினாலும் உன்னை எட்டப் போவதில்லை என்றால் அவளை நாம் எதற்கு ஓடச் சொன்னோம்? பிறகு இன்னொன்று தோன்றும். பதினெட்டு அநியாயம் என்றால் ஒன்பது என்ன? நீ உன் அப்பாவுக்குப் பிறந்ததால் உனக்குப் பதினெட்டு. அவள் அந்த லயத்தில் பிறந்ததால், ரொட்டியும் தேத்தண்ணியும் தின்று வளர்ந்ததால் அவளுக்கு ஒன்பது. பதினெட்டுக்கு மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஒன்பதுக்கு யாரும் எந்தக் கூட்டமும் வைக்கவில்லை. அந்த ஒன்பதை மாதாமாதம் என் கையால் எழுதி, கொப்பியை மூடி, அலுமாரியில் வைத்தேன். அந்த ஓட்டத்தில் நியாயம் இல்லை என்பது பாக்கியத்துக்குச் சரியாகத்தான் தெரிந்தது. எந்த இடத்தில் இல்லை என்பதில்தான் தவறிவிட்டாள், அதற்கும் நான் உதவி செய்தேன்.

அன்று விசாரணை முடிந்து பஸ்ஸில் வரும்போது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, ஒருவேள நீயும் நம்புறியா?" நான் உடனே, "சீ, என்ன பேச்சு இது" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நம்பாத ஒருத்தி அந்த அறையில் கொஞ்சமாவது சத்தம் போட்டிருப்பாள் என்று நீ நினைத்திருக்க வேண்டும். ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டதாம் என்று பிறகு உனக்கும் மாஸ்டருக்கும் சொன்னேன். மாஸ்டர் இரண்டு மாதம் ஆள் அனுப்பினார். நீ போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை. என் பயம் விரும்பியது அதைத்தான், கிடைத்துவிட்டது. அது கிடைத்த விதத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஓடிச் செத்துவிடுவாயோ என்று பயந்து உன் பேரைக் கெடுக்க விட்டேன். ஓடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க உனக்குப் பதினேழு வயது போதும். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீ ஓடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாய், அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உனக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை உன்னை இரத்ததான முகாமுக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? அப்பா பேரில் ஒரு தர்மம் என்று சொன்னேன். நீ ஒருநாளும் முகம் சுளிக்காமல் கையை நீட்டினாய். அது தர்மம் இல்லை, உனக்கு வைத்தியம். கொஞ்சம் இரத்தம் எடுத்துவிடலாம் என்று அந்த டொக்டர் சொன்னதை உனக்குத் தெரியாமல் நான் செய்வித்தேன். உன்னை அவரிடமே கூட்டிப்போயிருந்தால் ஒழுங்காகச் செய்திருப்பார். அவரிடம் போனால் கடிதத்தைப் பற்றி உனக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு முறையும் போகவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற உன் உடம்பை வைத்து நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று பார்.

நீ இனி மொனராகலைக்குப் போகிறாய். அங்கே நம்ம குளிர் இல்லை. கரும்புக் காட்டுப் பக்கத்து வெயில் உடம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், உன் இரத்தம் இன்னும் தடிக்கும். தாகம் வரும் வரை காத்திருக்காதே, குடித்துக்கொண்டே இரு. தலை இடித்தால் உன் அப்பா மாதிரி துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யாதே. ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளை உண்டானால் முதல் நாளே டொக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும், மறக்காதே. பிறக்கும் பிள்ளைக்கும் பார்க்க வேண்டும். வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதைப் பற்றி வீதியில் நின்று பெருமையும் பேசாதே, பெட்டிக்குள் ஒளிக்கவும் செய்யாதே. அந்த எண் என்ன என்பதைப் பிள்ளைக்கு விளங்கும் வயதில் பிள்ளைக்கே சொல்லிவிடு. அது அதனுடையது.

மாப்பிள்ளையிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல். எனக்கு அவரை அதிகம் தெரியாது, அமைதியான பையன் என்று மட்டும் தெரியும். அவர் வீட்டார் வேண்டாம் என்று போனால் போகட்டும். பந்தலுக்குக் கொடுத்ததும் சேலைக்குக் கொடுத்ததும் என் பாடு. நீ யோசிக்காதே. கட்டிக்கொண்ட பிறகு தெரிந்து, உன்னைப் பார்க்கும் பார்வை மாறுவதை விட இது சின்ன வலி. நான் உனக்காகப் பேசுவேன் என்று இனிமேல் நம்பியிருக்காதே. நீயே பேசு.

டொக்டரின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதுதான் அசல், பிரதி என்னிடம் இல்லை. மடித்த இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, கையெழுத்தும் திகதியும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கொமிட்டியில் இருந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள். நீ எடுத்துக்கொண்டு போனால் நானும் கூட வந்து, இல்லை என்று பொய் சொன்னவள் நான்தான் என்று அவர்கள் முன்னால் சொல்வேன். இப்போது அதனால் எதுவும் திரும்பி வராது, ஆனால் உன் பேருக்கு எதிரே எழுதியதை அவர்கள் அடிக்க வேண்டியிருக்கும். பாக்கியத்திடம் நான் தனியாகப் போய்ச் சொல்வேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

விசாரணைக்குப் பிறகு நடந்ததை நீ பாதிதான் கேட்டிருப்பாய், ஏனென்றால் அப்போது நீ அந்தப் பேச்சு வந்தாலே எழும்பிப் போய்விடுவாய். நிரோ அந்த மாதமே கொழும்புக்குப் போனாள். விடுதியில் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு எட்டு தசம் இரண்டு. பயிற்சிக்கு உடம்பு போதாது, வைத்தியம் செய்துகொண்டு அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் அவள் தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்துக் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீ தையல் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாய். ஊவாவுக்கு ஒதுக்கிய அந்த ஓர் இடத்துக்கு, நிரோ திரும்பி வந்த அந்த வருடம், வேறு யாரையும் எடுக்கவில்லை.